வீட்டுக்குத் தீ வைத்தது யார்?

வெள்ளோட்டக் காட்சி முடிந்து திரை விழுந்ததும் அக்கா மேடைக்குப் பின்னால் போகவில்லை. நேராகப் போய்ப் பெண்கள் கழிப்பறை வரிசையில் நின்றுகொண்டாள்.

அவசரம் என்று ஒன்றும் இல்லை. ஒரு நாடகத்தைப் பற்றிய உண்மை வெளியே வரும் இடம் அது ஒன்றுதான் என்பது அவளுடைய நம்பிக்கை. மேடைக்குப் பின்னால் வருகிறவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு "பிரமாதம், பிரமாதம்" என்பார்கள். வரிசையில் நிற்கிறவர்களுக்கு யார் தலையிலும் ஐஸ் வைக்க வேண்டிய தேவை இல்லை. அதனால் சால்வையைத் தலையோடு போர்த்தி, கண்ணாடியைக் கழற்றிக் கைப்பையில் போட்டு, டிக்கெட் வாங்கி வந்தவள் போல நின்றாள்.

அவள்தான் அந்த இசை நாடகத்தின் இயக்குநர். இசையமைத்தவன் அவளுடைய கூடப் பிறந்த தம்பி. ஒத்திகையில் அவன் வாய்க்கு வாய் "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டதில் குழு முழுவதற்குமே அவள் அக்காவாகிவிட்டாள். அவளைவிட வயதில் மூத்த வில்லன் நடிகர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். மேடையை வடிவமைத்தவள் தம்பியின் மனைவி. ஆக, அது பாதி நாடகக் குழு, பாதி குடும்பம். சாப்பாட்டு மேசையில் தொடங்கும் சண்டை ஒத்திகையில் முடிந்துவிடும். ஒத்திகையில் தொடங்கும் சண்டைதான் எங்கேயும் முடியாது.

நாடகத்தின் பெயர் 'விளக்குக்காரி'. கதை எளிமையானது. ஒரு துறைமுகத்தில் கலங்கரை விளக்கைப் பார்த்துக்கொள்ளும் தாய். அவளோடு சண்டை போட்டுக்கொண்டு மகள் கப்பலேறிப் போய்விடுகிறாள். பல வருடம் கழித்து மகள் திரும்பி வரும் நாளில் புயல். கப்பல் பாறையில் மோதினால் கரை ஒதுங்கும் சரக்கெல்லாம் தனக்கு என்று துறைமுக முதலாளி மனக்கணக்குப் போட்டு, விளக்குக்கான எண்ணெயைத் திருடிவிடுகிறான். விளக்கு அணைகிறது. தாய் தன் வீட்டுக்குத் தானே தீ வைக்கிறாள். அந்த வெளிச்சத்தைப் பார்த்துக் கப்பல் கரை சேர்கிறது.

வரிசையில் அக்காவுக்கு முன்னால் ஒரே நிறுவனத்தின் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிய இரண்டு பெண்கள் நின்றார்கள்.

"முதல் பாதி போனதே தெரியலடி. வெறும் கயித்தையும் பெட்டியையும் வச்சே துறைமுகம், சந்தை, கப்பல் எல்லாத்தையும் காட்டிட்டாங்க. ஒவ்வொரு பாட்டு முடியறப்பவும் கதை ஒரு படி மேல ஏறி நிக்குது."

சால்வைக்குள் அக்காவுக்கு உச்சி குளிர்ந்தது.

"ரெண்டாம் பாதியில அந்த முதலாளி முன்னாடி பாடினதையே திரும்பப் பாடறார். அப்ப நான் ஃபோனைப் பாத்துட்டேன். ஆனா கடைசியில கப்பல் வந்துது பாரு! யம்மா! உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு."

"எனக்கும்தான். அந்த வீட்டுக்குத் தீ வச்சது யாருன்னுதான் புரியல."

"இதென்ன கேள்வி? முதலாளிதான். வில்லனுக்கு வேற என்ன வேலை?"

"நான் மின்னல் விழுந்து பத்திக்கிச்சுன்னு நினைச்சேன்."

அக்காவுக்குப் பின்னால் நின்ற ஒரு பெண்மணி இதற்குமேல் பொறுக்க முடியாமல் தலையை நீட்டினார். "மின்னலும் இல்ல, முதலாளியும் இல்ல. அந்த அம்மாக்காரிதான். மக திரும்பி வந்தா இந்த வாசல்ல காலை வைக்கக் கூடாதுன்னு கோவத்துல கொளுத்திட்டா. சரியான பிடிவாதக்காரி!"

"ஐயோ!" என்று அக்கா வாய்விட்டுக் கத்திவிட்டாள்.

மூன்று பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். "ரொம்ப அவசரமா? நீங்க முன்னாடி போங்கம்மா" என்று இரக்கத்தோடு வழிவிட்டார்கள். அக்கா சால்வை பறக்க நேர் எதிர்த்திசையில் ஓடினாள்.

மேடையில் கொண்டாட்டமாக இருந்தது. தம்பி மிருதுவான முகமும் முரட்டுக் குரலும் உள்ளவன். வாத்தியக்காரர்கள் ஒவ்வொருவரையும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி தான் கட்டிய கப்பலின் பக்கவாட்டில், ஓடிக் களைத்த குதிரையைத் தடவுவது போலத் தட்டிக்கொடுத்துக்கொண்டு நின்றாள். மேடையின் உயரத்துக்குப் பாதி இருக்கும் அந்த முன்பகுதி, மரச்சட்டமும் துணியும் சக்கரங்களுமாக அவள் மாதக்கணக்கில் கட்டியது. சுவரொட்டியிலும் அதன் படம்தான்.

"கைத்தட்டலைக் கேட்டியா அக்கா? கூரை பிச்சுக்கிட்டுப் போச்சு!" என்றான் தம்பி.

"கேட்டேன். கப்பலுக்குத் தட்டினாங்க. வீட்டுக்கு யார் தீ வச்சான்னு ஒருத்தருக்கும் தெரியல."

"சும்மா விளையாடாத."

"நம்ப மாட்டேல்ல? வெளிய டீ குடிச்சிட்டு இருக்காங்க. நீயே போய்க் கேட்டுட்டு வா."

தம்பி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனான். கொஞ்ச நேரத்தில் காற்றுப் போன பலூன் மாதிரி திரும்பி வந்தான். "ரெண்டு பேர் முதலாளிங்கறாங்க. ஒருத்தர் மின்னல்ங்கறார். ஒரு பெரியவர், வீடு எரிஞ்சுதான்னு என்னையே திருப்பிக் கேக்கறார்."

இந்த நேரம் பார்த்து, தாயாக நடித்த பெண் முகப்பூச்சைத் துடைத்துக்கொண்டே வந்தாள். எதையும் படபடவென்று பேசுவதால் குழுவில் அவளுக்குப் பட்டாசு என்று பெயர்.

"நான் ஒண்ணு சொன்னா கோச்சுக்கக் கூடாது. நான் இந்தப் பக்கம் பந்தத்தைப் பிடிச்சுக்கிட்டுத் தொண்டை கிழியப் பாடறேன். அந்தப் பக்கம் கப்பல் வருது. எல்லார் முகமும் கப்பல் பக்கம், எனக்கு வெறும் காது மட்டும்தான். அந்தக் காதுலயும் மொத்த வாத்தியமும் கைத்தட்டலும் நிறைஞ்சிருக்கு. நான் என்ன பாடறேன்னு எனக்கே கேக்கல."

"முன்னாடியே சொல்றதுக்கு என்ன?" என்றாள் அக்கா.

"இன்னும் இருக்கு. இடைவேளைக்கு அப்புறம் புயல் வரைக்கும் நான் மேடைக்கே வர்றதில்ல. உக்காந்து டீ குடிக்கிறேன். மகளை நான் மன்னிச்சேனா இல்லையான்னு எனக்கே தெரியாது. ஜனங்களுக்கு எப்படித் தெரியும்?"

அக்கா மேடை விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். கழிப்பறை வரிசையில் அந்தப் பெண்மணி சொன்னதில் தப்பில்லை என்பது இப்போதுதான் உறைத்தது. முதல் பாதி முடிவில் பார்வையாளர்கள் கடைசியாகப் பார்த்த தாய், கதவை அறைந்து சாத்திய தாய். அடுத்து அவளைப் பார்க்கும்போது கையில் பந்தம். வேறு என்னதான் நினைப்பார்கள்? வெண்ணெய் திரண்டு வரும் நேரத்தில் தாழியை அக்காவே தன் கையால் உடைத்திருக்கிறாள்.

"கப்பல் அந்தப் பாட்டுல வரக் கூடாது" என்றாள்.

தம்பியின் மனைவி கையில் இருந்த துணியைக் கீழே போட்டாள். "அண்ணி, சுவரொட்டி முழுக்கக் கப்பல்தான் இருக்கு."

"வாத்தியமும் கூடாது. அவ குரல் மட்டும்."

"அக்கா, அந்த மெட்டே கப்பல் எழும்பி வர்றதுக்குப் போட்டது. வாத்தியத்தை எடுத்துட்டா எலும்புக்கூடுதான் மிஞ்சும்" என்றான் தம்பி.

"அந்த எலும்புதான் கதை. அதுக்கு மேல நீ நெய்யை ஊத்தற, இவ கப்பலை ஏத்தறா."

"நல்லா இருக்கு! அரங்கமே எழுந்து நின்னு தட்டினதைக் குப்பையில போடணுமாம்!"

"சனிக்கிழமை அரங்கேற்றம், அண்ணி" என்றாள் தம்பியின் மனைவி. "இந்தக் கப்பலை எங்க கொண்டுபோய் வைக்கச் சொல்றீங்க? என் தலையிலயா?" என்று கேட்டுவிட்டு விறுவிறுவென்று கப்பலுக்குள்ளேயே ஏறிப் போய் உட்கார்ந்துகொண்டாள். கோபம் வந்தால் அவள் கதவைச் சாத்திக்கொள்ளும் பழக்கம் உள்ளவள். கப்பலுக்குக் கதவு இல்லை. அதனால் துணியை இழுத்து மூடிக்கொண்டாள்.

தம்பி பியானோவைப் படாரென்று மூடினான். பட்டாசு, தான்தான் திரியைக் கொளுத்திவிட்டோமோ என்று விழித்தாள். அக்கா இறங்கி, காலியான இருக்கைகளுக்கு நடுவே போய் நின்றாள்.

அப்போது விளக்குக் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர், எல்லோரும் கிளம்பிவிட்டார்கள் என்று நினைத்து மொத்த விளக்கையும் அணைத்தார். அரங்கம் மையிருட்டானது.

"யாரது? நான் இன்னும் உள்ள இருக்கேன்!" என்று கப்பலுக்குள்ளிருந்து குரல் வந்தது. படி தேடுவதற்காகத் தம்பியின் மனைவி கைபேசி வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு துணியை விலக்கி, முன்பக்கமாக இறங்கினாள். இறங்கியவள் விட்டு வந்த படியைத் திரும்பிப் பார்த்து, வெளிச்சத்தை மேலே உயர்த்தினாள்.

வெறும் இருட்டாக இருந்த இடத்திலிருந்து கப்பல் வந்தது. முதலில் கூரான மூக்கு, பிறகு பலகைகளின் வளைவு, பிறகு கயிறுகள். அது ஓர் அங்குலம்கூட நகரவில்லை. வெளிச்சம் பட்ட இடத்தில் எல்லாம் கப்பல் பிறந்தது.

"அசையாத!" என்று அக்கா அலறினாள்.

"என்ன, பாம்பா?"

"கையை மட்டும் மேல தூக்கு! இன்னும் மேல! இப்ப அணை. மறுபடி போடு!"

மூன்றாவது முறை வெளிச்சத்தைப் போட்டபோது தம்பியின் மனைவிக்கே புரிந்துவிட்டது. கோபம் போன இடம் தெரியவில்லை. "அண்ணி! கப்பல் வரவே வேணாம். முன்னாடியே வந்து இருட்டுல நிக்கட்டும். அவ தீ வைக்கட்டும். அந்தத் தீயில..."

"அந்தத் தீயிலதான் கப்பல் தெரியணும்!"

"தீ வச்சதாலதான் கப்பல் தெரியுது! யாரும் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம்!"

இரண்டு பேரும் இருட்டில் கத்திக்கொண்டே ஒருவரையொருவர் நோக்கி ஓடினார்கள். நடுவில் கிடந்த பெட்டியில் இடித்துக்கொண்டு, முழங்காலைத் தேய்த்தபடியே கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். தம்பி மட்டும் பியானோ அருகில் உம்மென்று நின்றிருந்தான்.

மறுநாள் காலையிலேயே வேலை தொடங்கியது. தம்பியின் மனைவி தன் ஆட்களோடு கப்பலுக்குக் கறுப்புத் துணியால் திரை தைத்தாள். பளபளவென்று இருந்த பலகைகளில் மங்கல் பூச்சு அடித்தாள். தீயின் சிவப்பு விளக்குகளை எல்லாம் வீட்டின் பக்கம் மட்டும் வைத்து, அவற்றின் ஒளி குறுக்கே போய்க் கப்பலைத் தொடும்படி திருப்பினாள். எல்லாம் கூடி வந்தது, ஒன்றைத் தவிர. கப்பலை உருட்டினால் சக்கரங்கள் கிரீச்சிட்டன. எண்ணெய் விட்டார்கள், ரப்பர் சுற்றினார்கள். கிரீச்சு போய் உறுமல் வந்தது. முன்பு மொத்த வாத்தியமும் அதை மறைத்திருந்தது. இனி தனிக்குரல் பாட்டுக்கு நடுவே அந்தச் சத்தம் கேட்டால் ரகசியம் பல்லிளித்துவிடும்.

"பாட்டுக்கு முன்னாடி புயல்ல கொண்டு வந்துடலாம். ஆனா புயலுக்கு இப்ப வெறும் குழல் இசைதானே இருக்கு" என்றாள் தம்பியின் மனைவி, வேண்டுமென்றே கணவன் காதில் விழும்படி. "நல்ல முரசுச் சத்தம் இருந்தா யானையையே கொண்டு வரலாம். யார் போட்டுத் தருவாங்க?"

தம்பி காது கேளாதவன் போல வாத்தியக் குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தான். ஆனால் கால் தரையைத் தட்டத் தொடங்கியிருந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். சிறு வயதிலிருந்தே அவன் கால் சம்மதித்த பிறகுதான் வாய் சம்மதிக்கும். சாப்பாட்டு நேரத்துக்குள் மூன்று முரசுகளுக்கான புயல் தயாராகிவிட்டது. "கப்பல் தெரியற நொடியில மொத்த வாத்தியமும் ஒண்ணா வரும். அதுல யாரும் கை வைக்கக் கூடாது" என்று நிபந்தனை போட்டான். யாரும் கை வைக்கவில்லை. அதுவரை அடக்கி வைத்த இசை அங்கே வெடித்ததும், முன்பைவிட இரண்டு மடங்கு பெரிதாகக் கேட்டது. "நான் அப்பவே நினைச்சேன்" என்றான் அவன். மனைவி அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

அடுத்து வில்லன். தாய்க்குப் புதிதாக ஒரு காட்சி வேண்டும் என்றால் ஏதாவது ஒன்றை எடுத்தாக வேண்டும். எடுக்க வேண்டியது எது என்று எல்லோருக்கும் தெரியும். சொல்லத்தான் யாருக்கும் வாய் வரவில்லை. வில்லனாக நடித்தவர் பகலில் பல் மருத்துவர், பரம சாது. முதலாளியின் இரண்டாவது பாட்டை அவர் மருத்துவமனையிலும் முணுமுணுத்து நோயாளிகளை நடுங்க வைத்தவர்.

அக்கா தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் மேலே பார்த்தார். பிறகு, "ஆடற பல்லுதான்மா அது. எனக்கே தெரியும். பிடுங்கிடுங்க. வலி ஒரு நிமிஷம்தான்" என்றார். கண்கள் மட்டும் கொஞ்சம் கலங்கின.

அந்தப் பல் போன இடத்தில் புதுக் காட்சி முளைத்தது. முதலாளி தாயிடம் அனுதாபமாகப் பேச வருகிறான். "உன் மக இனிமே எங்க வரப் போறா? கதவைத் தாழ் போட்டுட்டு நிம்மதியாத் தூங்கு" என்கிறான். தாய் திரும்பாமலே, "தாழ்ப்பாளைக் கழட்டி எறிஞ்சு வருஷமாச்சு" என்கிறாள். அவள் முதுகுக்குப் பின்னால் அவன் எண்ணெய்க் குடுவையைத் தூக்கிக்கொண்டு நழுவுகிறான். பாட்டு இல்லை. பல் மருத்துவர் அந்த வசனத்தை அவ்வளவு கனிவாகச் சொன்னார். "கொஞ்சமா வலிக்கும்னு நோயாளிகிட்டச் சொல்ற மாதிரியே இருக்கு சார், பயமா இருக்கு" என்றாள் பட்டாசு. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

சனிக்கிழமை அரங்கம் நிரம்பியது. அக்காவால் உட்கார முடியவில்லை. பின்சுவரில் சாய்ந்து நின்றாள். முதல் பாதி தேர் மாதிரி ஓடியது. இடைவேளை முடிந்தது. தாழ்ப்பாள் வசனத்துக்கு அரங்கத்தில் ஒரு பெருமூச்சு பரவியதை அவள் கேட்டாள். பிறகு புயல். முரசுகள் அதிர்ந்தன. அந்த இருட்டில் கப்பல் உருண்டு வருவது அவளுக்கு மட்டும் தெரிந்தது. வா, வா, வந்துடு என்று கைகளைப் பிசைந்தாள். முரசு நின்றது. சக்கரமும் நின்றது. ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை.

பட்டாசு மேடையின் நடுவில் பந்தத்தோடு தனியாக நின்று பாடினாள்.

"கூரையே, என்னைக் காத்தது போதும்.
இன்றைக்கு மட்டும் அவளைக் கா."

வீட்டுச் சட்டத்தில் பந்தத்தை வைத்தாள். செம்பட்டுத் துணிகள் காற்றில் எழுந்து நெருப்பாயின. சிவப்பு ஒளி பரவியது. இருட்டின் நடுவே கப்பலின் மூக்கு தெரிந்தது.

கைத்தட்டல் இல்லை.

அக்கா சுவரை விட்டு விலகி நின்றாள். வெள்ளோட்டத்தில் கூரை பிய்ந்த இடம் இது. இப்போது ஒரு இருமல்கூட இல்லை. மேடைக்கு முன்னால் வாத்தியக்காரர்கள் உட்காரும் குழியில் தம்பி கையைத் தூக்கியபடி உறைந்து நின்றான். அந்த அமைதியை உடைக்க அவனுக்கே மனம் வரவில்லை. மேல்மாடத்திலிருந்து ஒரு ஆண் குரல், தன்னையறியாமல், அரங்கம் முழுக்கக் கேட்கும்படி சொன்னது:

"அட, பெத்தவ தன் வீட்டையே கொளுத்திட்டாளே!"

தம்பியின் கை இறங்கியது. மொத்த வாத்தியமும் ஒன்றாக எழுந்தது. தீ வளர வளரக் கப்பல் பலகை பலகையாக இருட்டை விட்டு வெளியே வந்தது. ஜனம் எழுந்து நின்றது. யாருக்குத் தட்டினார்கள், தாய்க்கா கப்பலுக்கா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அக்கா பக்கத்தில் நின்ற, முன்பின் தெரியாத ஒரு டிக்கெட் பரிசோதகரின் தோளைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தாள். அவரும் அழுதுகொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மூன்று பேரும் அடுக்களை மேசையைச் சுற்றி உட்கார்ந்து பத்திரிகை விமர்சனத்தைப் படித்தார்கள். தம்பியின் மனைவி உரக்க வாசித்தாள். முதல் பாதியின் கயிறுகளுக்கும் தீ வெளிச்சத்தில் பிறக்கும் கப்பலுக்கும் நல்ல வார்த்தை இருந்தது. தம்பி மெல்ல மெல்ல உப்பிக்கொண்டே வந்தான். கடைசிப் பத்தி வந்தது.

"'ஆனால் இவ்வளவு பாடுபட்டுக் கரை சேர்ந்த மகளும், வீட்டை எரித்த தாயும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதற்குள் பாடத் தொடங்கிவிடுகிறார்கள். நமக்கு அழ நேரமில்லை.'"

"இவருக்கு சங்கீதத்தைப் பத்தி என்ன தெரியும்?" என்று தம்பி மேசையைத் தட்டினான். "இசை நாடகத்துல பாடாம பின்ன என்ன பண்ணுவாங்க? பல் தேய்ப்பாங்களா?"

அக்கா மேசைக்கு அடியில் குனிந்தாள். அவன் காலைப் பார்த்தாள். அது அசையாமல் இருந்தது. தாளம் போடவில்லை என்றால், விமர்சகர் சொன்னது அவனுக்கும் உறைத்திருக்கிறது.

பத்திரிகையைத் தன் பக்கம் இழுத்து இன்னொரு முறை படித்துவிட்டு அவனே, "அவங்க சந்திக்கிற பாட்டுல அந்த முதல் நாலு வரியை எடுத்துட்டா?" என்றான்.

"எடுத்துட்டு?"

"தெரியல. போய்ப் பாக்கலாம் வா."

மாலைக் காட்சிக்கு முன்னால் பட்டாசும், மகளாக நடித்த பெண்ணும் மேடைக்கு வந்தார்கள். "பாட்டு இல்ல, வசனமும் இல்ல. நீ கப்பல்ல இருந்து இறங்கி வா, அவ உன்னைப் பாக்கட்டும். என்ன தோணுதோ அதைச் செய்யுங்க" என்றாள் அக்கா.

மகள் இறங்கி வந்தாள். தாயைப் பார்த்தாள். தாயின் கரிபிடித்த கைகளைப் பார்த்தாள். பிறகு அவள் பார்வை தாயைத் தாண்டி, எரிந்து நின்ற சட்டங்களுக்குப் போனது. யாரும் எழுதிக் கொடுக்காத ஒரு சொல் அவள் வாயிலிருந்து வந்தது.

"வீடு?"

பட்டாசு திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. மகளின் ஈரத் தலையைத் தன் உடையின் நுனியால் துவட்டத் தொடங்கினாள்.

"விடு" என்றாள்.

அக்கா இருக்கையின் மேல் ஏறி நின்றுவிட்டாள். தம்பியின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். தம்பி எழுந்து, மூக்கை உறிஞ்சி, பியானோவின் மூடியை இந்த முறை மெதுவாக மூடினான். "இதுக்கு நான் இசை போட மாட்டேன். யார் கேட்டாலும் போட மாட்டேன்" என்றான்.

"இன்னொரு தரம்! இன்னொரு தரம் செய்யுங்க!" என்று அக்கா கத்தினாள்.

அதற்குள் பின்பக்கக் கதவுகள் திறந்து, டிக்கெட்டும் கையுமாக முதல் ஆட்கள் உள்ளே வரத் தொடங்கினார்கள். மேடையில் இருந்தவர்கள் அப்படியே திரைக்குப் பின்னால் ஓடினார்கள். அக்கா நாற்காலியிலிருந்து குதித்து, ஒரு செருப்பை அங்கேயே விட்டுவிட்டு அவர்கள் பின்னால் ஓடினாள்.